மாத்திரை ஒருவருக்கு... சிகிச்சை குடும்பத்துக்கு!

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் மருமகளிடம், "உனக்கு இங்க என்ன குறை?" என்று மாமியார் கேட்கிறார். கணவரோ மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார். பல வீடுகளில் நடப்பது இதுதான். மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்ய, அந்தக் கேள்வி மறுபக்கம் காயப்படுத்திக்கொண்டே இருக்கும். குடும்பநல சிகிச்சையாளர் கவனிப்பது இந்த இரண்டாவது பக்கத்தைத்தான்.

வீட்டுப் பேச்சின் பலம்

மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களை, லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்தார்கள். ஓயாத குறைகூறலும் வெறுப்பும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாக இருந்தது. அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாப்பதும் இதே பாதிப்பைத் தந்தது.

அதற்காகக் குடும்பம்தான் நோயை உண்டாக்குகிறது என்று அர்த்தமில்லை. குணமாவதில் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களிலேயே வளாகத்தில் கூடாரம் அமைத்து, நோயாளிகளோடு குடும்பத்தினரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி மனநல மையத்திலும் இந்த வழக்கம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப சிகிச்சைக்கென்றே தனி மையம் இயங்குகிறது.

அறைக்குள் என்ன நடக்கும்?

இது பஞ்சாயத்து அல்ல. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். சண்டை எங்கே தொடங்கி எப்படி வளர்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதற்குப் பதில், "நேத்து நீ பதில் சொல்லாதது கஷ்டமா இருந்துச்சு" என்று பேசப் பழக்குவார்கள். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

கவனிக்க வேண்டியவை

* அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து. முதலில் பாதுகாப்பு முக்கியம். பெண்கள் உதவி எண்: 181.

* போர்டைப் பார்த்து நம்பாமல், படிப்பையும் பயிற்சியையும் கேளுங்கள். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

* 'கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்' என்பது சிகிச்சை அல்ல. இரண்டு பேரின் வாழ்க்கையைப் பணயம் வைப்பது.

* எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம்.

வீட்டில் ஒருவர் வர மறுத்தாலும் காத்திருக்க வேண்டாம். வருகிறவரோடு தொடங்கலாம். வக்கீல் நோட்டீஸ் வரும்வரை தள்ளிப்போடாமல் இருப்பதே பாதி வெற்றி!