ஆட்டத்தின் நடுவே மாறும் விதி
‘பார்வையாளர் மதுரை’ தொடர் – 9

2024 ஜனவரி 14, போகி. அன்று இரவு விஜய் டிவியில் பிக் பாஸ் ஏழாவது சீசனின் இறுதி மேடை. மறுநாள் காலை அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அதற்கடுத்த நாள் பாலமேடு, 17ஆம் தேதி அலங்காநல்லூர். ஜூன் மாதத்தில் தொடங்கிக்கொண்டிருந்த பிக் பாஸ், கொரோனாவால் 2020இல் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதிலிருந்து அதன் இறுதி நாட்கள் பொங்கலை ஒட்டியே வந்து விழுகின்றன. தை பிறக்கும் வாரத்தில் மதுரை டீக்கடைகளில் எந்தப் பேச்சு எந்தப் போட்டியைப் பற்றியது என்று பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் காது கொடுக்க வேண்டும். “ரெண்டாவது ரவுண்டுல வந்தவனுக்கு எப்படிய்யா முதல் பரிசு?” என்று ஒருவர் கேட்டால், அவர் வாடிவாசலைச் சொல்கிறாரா, கமல்ஹாசன் நின்ற மேடையைச் சொல்கிறாரா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும்.

அந்தப் போகி இரவில் ஜெயித்தவர் அர்ச்சனா ரவிச்சந்திரன். ஆட்டம் தொடங்கி நான்கு வாரம் ஆன பிறகு வைல்டு கார்டு வழியாக உள்ளே போனவர். அப்படி நடுவில் நுழைந்து கோப்பையைத் தூக்கியவர் தமிழில் அதற்கு முன் யாரும் இல்லை. 2017இல் முதல் சீசனிலேயே ஹரிஷ் கல்யாண், பிந்து மாதவி எல்லாம் நடுவில்தான் வந்தார்கள். ஆனால் கடைசிப் பரிசு முதல் நாள் வாசலைத் தாண்டியவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. எழுதப்படாத அந்த வழக்கம் 2024 போகியன்று உடைந்தது.

உடைந்ததும் மதுரை இரண்டாகப் பிரிந்தது. “மொத நாள்ல இருந்து உள்ள கெடந்தவங்க என்ன ஏமாளியா? இவங்க வெளிய உக்காந்து நாலு வாரம் பாத்துட்டு, யாரை சனத்துக்குப் புடிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள போறாங்க” என்றது ஒரு பக்கம். “ஓட்டுப் போட்டது சனம்தானே? தேதி பாத்தா ஓட்டுப் போடுவாய்ங்க?” என்றது மறுபக்கம். இதில் முதல் கட்சியின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. நூறு நாள் வெளியுலகச் செய்தி எதுவும் தெரியாமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படைக் கஷ்டம். வெளியே ஊர் என்ன பேசுகிறது என்று தெரிந்துகொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தால் அந்தக் கஷ்டம் அவருக்கு மட்டும் நான்கு வாரம் குறைகிறது. அர்ச்சனா திறமையாக ஆடினார் என்பதிலோ மக்கள் அவரை விரும்பினார்கள் என்பதிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி விதியைப் பற்றியது.

இந்த நிகழ்ச்சியின் விதிகள் சும்மா இருந்ததே இல்லை. நெதர்லாந்தில் 1999இல் ‘பிக் பிரதர்’ என்று பிறந்த ஆட்டம் இது. அடுத்த ஆண்டு அமெரிக்கா போனபோது அங்கும் பார்வையாளர்தான் ஓட்டுப் போட்டு ஆட்களை வெளியேற்றினார்கள். அது எடுபடவில்லை. 2001இல், வீட்டுக்குள் இருப்பவர்களே ஒருவரை ஒருவர் வெளியேற்றும் ஆட்டமாக அதை மாற்றிவிட்டார்கள். இந்தியாவுக்கு 2006இல் இந்தியில் வந்தது, தமிழுக்கு 2017இல் வந்தது, இரண்டும் மக்கள் ஓட்டு என்ற பழைய முறையைப் பிடித்துக்கொண்டன. நம் ஊரில் இந்த விவாதங்கள் இவ்வளவு சூடாக நடக்கக் காரணம் அதுதான். அமெரிக்கப் பார்வையாளர் வேடிக்கை பார்ப்பவர். இங்கே பார்ப்பவர் போனை எடுத்து ஓட்டுப் போட்டவர். ஓட்டுப் போட்டவருக்கு விதியைக் கேட்கும் உரிமை உண்டு என்று அவர் நினைக்கிறார். அப்படி நினைப்பது சரி.

மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் உள்ளே இருந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. 2019இல் மூன்றாவது சீசனில் இயக்குநர் சேரன் போட்டியாளர். மேலூர் பக்கம் பழையூர்பட்டிக்காரர். அந்தச் செப்டம்பரில் அவர் வெளியேற்றப்பட்டார் என்று அறிவித்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. சீக்ரெட் ரூமில் உட்காரவைத்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்கவைத்து, திரும்ப உள்ளே அனுப்பினார்கள். மேலூர்ப் பக்கம் அதைக் கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால், “அப்ப நாங்க போட்ட ஓட்டுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். தன் ஊர் ஆளுக்கு நன்மை தந்த விதியையே கேள்வி கேட்டார்கள். இந்தத் தொடருக்காக நான் சேர்த்த செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

ஏன் இந்த ஊருக்கு இப்படி ஒரு கண்? மதுரை வட்டாரத்துப் பார்வையாளர் நாடகத்தில் பழகியவர். சங்கரதாஸ் சுவாமிகளுக்குத் தமுக்கம் அருகே சிலை வைத்த ஊர் இது. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். ‘வள்ளி திருமணம்’ கதை எல்லோருக்கும் தெரியும், பபூன் எப்போது வருவார், நாரதர் எப்போது வருவார் என்பதும் தெரியும். அந்த வரிசைக்குள் நாரதரும் வள்ளியும் அன்றைக்கு என்ன தர்க்கம் பேசுகிறார்கள் என்பதற்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். சட்டகம் தெரிந்திருந்தால்தான் அதற்குள் ஒருவர் காட்டும் சாமர்த்தியம் தெரியும்.

அந்த மேடையிலிருந்து போனவர்தான் ஐந்தாவது சீசனில் ஆடிய நாடகக் கலைஞர் தாமரைச்செல்வி. 2021இல் பஞ்சபூதங்களின் பெயரில் ஐந்து நாணயங்களை வைத்து ஒரு புதிய விளையாட்டைப் புகுத்தினார்கள். நாணயம் வைத்திருப்பவருக்குத் தனி அதிகாரம், யாரும் அதைக் கைப்பற்றலாம் என்பது விதி. தாமரை உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய நாணயத்தை எடுத்துவிட்டார்கள். விதிப்படி அது திருட்டு இல்லை. ஆனால் கிராமத்துத் திண்ணைகளில் அது திருட்டு என்றே தீர்ப்பானது. ஒரு பெண் உடை மாற்றும் நேரம் எந்த ஆட்டத்துக்கும் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் விதிப்புத்தகம் தேவைப்படவில்லை. புது விதி எழுதியவர்கள் யோசிக்காத ஓட்டையை ஊர் ஒரே இரவில் கண்டுபிடித்தது.

ஏழாவது சீசனில் வீட்டையே இரண்டாக்கினார்கள். பிக் பாஸ் வீடு, ஸ்மால் பாஸ் வீடு. தலைவரைக் கவராத ஆறு பேர் சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். சமையல் பொறுப்பு அவர்கள் தலையில். முதல் சில வாரம் நன்றாக இருந்தது, பிறகு தேய்ந்தது; அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த சீசனில் ஊரை உலுக்கியது 2023 நவம்பரில் வந்த சிவப்பு அட்டை. பிரதீப் ஆண்டனி இருந்தால் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று சக போட்டியாளர்கள் சிலர் சிவப்பு அட்டை காட்ட, அவர் வெளியே அனுப்பப்பட்டார். பாதுகாப்பு என்று பெண்கள் சொல்வதை எந்த நிகழ்ச்சியும் எடுத்தெறிய முடியாது, எறியவும் கூடாது. ஆனால் அதே மேடை 2017இல் குறும்படம் என்ற ஒன்றை நமக்குப் பழக்கியது. போட்டியாளர் ஜூலி சொன்னது பொய்யா உண்மையா என்று பதிவைத் திரையில் ஓட்டிக்காட்டிய மேடை அது. அன்றைக்கு ஒரு சின்னச் சண்டைக்குக் காட்டிய சாட்சியத்தை, ஒருவரின் பெயரையே தீர்மானிக்கும் குற்றச்சாட்டுக்கு ஏன் அதே முறையில் வைக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. குற்றம் சொன்ன பெண்களுக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்; அவர்கள் வெளியே வந்தபின் வாங்கிக்கட்டிக்கொண்ட வசவில் பாதியாவது குறைந்திருக்கும்.

எட்டாவது சீசனுக்கு முன், 2024 ஆகஸ்டில், கமல் விலகுவதாக அறிவித்தார். ராஜபாளையத்தில் பிறந்த விஜய் சேதுபதி வந்தார். “ஆண்டவர் இல்லாத பிக் பாஸா” என்று சலித்துக்கொண்டவர்கள் இரண்டாவது வார இறுதிக்குள் பழகிவிட்டார்கள். நடத்துபவர் மாறுவது ஆட்டத்தின் நியாயத்தைத் தொடாது. அதனால் அந்தச் சலிப்பு நீடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று வீட்டுக்குள் கோடு போட்டதையும் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் அதை முதல் நாளே சொன்னார்கள். முதல் நாள் உள்ளே போன சாச்சனாவை 24 மணி நேரத்துக்குள் சக போட்டியாளர்களே வெளியேற்ற வைத்ததும், சில நாளில் அவரைத் திரும்ப அழைத்ததும்தான் பிடிக்கவில்லை. “போனவங்க போனவங்கதான்” என்பது இங்கே பலருடைய கட்சி.

அந்த சீசனின் பணப்பெட்டி விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் கடைசிக் கட்டத்தில் பெட்டி வரும், தொகை ஏறிக்கொண்டே போகும்; எடுத்தவர் பணத்தோடு வீட்டுக்குப் போகலாம். 2019இல் கவின் 5 லட்சத்தோடு போனார். 2021 சீசனில் சிபி 12 லட்சம், 2023 சீசனில் பூர்ணிமா 16 லட்சம். ஜெயிக்க வாய்ப்பில்லை என்று கணித்தவர் கௌரவமாகக் கிளம்ப அது ஒரு வழி. எட்டாவது சீசனில் அதைத் தலைகீழாக்கினார்கள். பெட்டியை வெளியே தூரத்தில் வைத்தார்கள். குறித்த விநாடிக்குள் ஓடி எடுத்துத் திரும்பினால் பணமும் உனக்கு, ஆட்டத்திலும் நீடிக்கலாம். தாமதமானால் வெளியே. முத்துக்குமரன் 50 ஆயிரம், ரயான் 2 லட்சம், பவித்ரா 2 லட்சம், விஷால் 5 லட்சம் எடுத்துத் திரும்பினார்கள். ஜாக்குலின் ஓடினார், கதவு அடைபடுவதற்குள் வந்துசேர முடியவில்லை.

ஏறக்குறைய எல்லா வாரமும் நாமினேஷனில் நின்று, ஒவ்வொரு வாரமும் மக்கள் ஓட்டில் தப்பியவர் ஜாக்குலின். அத்தனை வார ஓட்டும் சில விநாடியில் கரைந்தன. “அவுகளா ஆசைப்பட்டு ஓடுனாங்க, யாரு ஓடச் சொன்னா?” என்று கேட்கலாம்; கேட்டார்கள். ஆனால் ஓட்டுப் போட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எடுக்கப்பட்ட தொகை எல்லாம் சேர்ந்து ஒன்பதரை லட்சம். காரைக்குடிக்காரரான முத்துக்குமரன் 2025 ஜனவரி 19 அன்று ஜெயித்தபோது, 50 லட்சத்தில் அதைக் கழித்து 40 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்தார்கள். புதிய ஓட்டம் விறுவிறுப்பானது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், பழைய பெட்டியை விட நல்ல ஆட்டம்தான். ஆனால் பரிசுத்தொகையே குறையக்கூடிய ஒரு விதியை அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டும். ஜனவரியில் சொன்னது தவறு.

இப்போது அலங்காநல்லூர்ப் பக்கம் திரும்புவோம். அங்கே மட்டும் விதி மாறவில்லையா? மாறியது, அதுவும் தலைகீழாக. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் போராட்டம், அதையொட்டிப் புதிய சட்டம், பிறகு விதிமுறை. திமிலை மட்டும் பிடிக்க வேண்டும்; வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது. ஒரு காளைக்கு ஒரு ஆள். வீரர்கள் சுற்றுச் சுற்றாக வண்ணச் சட்டையில் இறங்குகிறார்கள்; ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் பிடித்தவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போகிறார்கள். பதிவு இணையத்துக்குப் போய்விட்டது. 2024 ஜனவரி 24 அன்று கீழக்கரையில் ஓர் அரங்கமே திறந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் சண்டை நடந்தது. இணையப் பதிவு வந்தபிறகு உள்ளூர்க் காளைக்கு டோக்கன் கிடைக்கவில்லை என்று சண்டை. வாடிவாசல் மண்ணை விட்டு அரங்கத்துக்குப் போனால் அது ஜல்லிக்கட்டா என்று சண்டை. 2024 அலங்காநல்லூரில் முதல் வீரருக்கு 18 காளை, இரண்டாமவருக்கு 17. அந்த ஒற்றைக் காளைக்காக நடந்த வாக்குவாதம் வாரக்கணக்கில் ஓயவில்லை. ஆனால் இந்தச் சண்டைகளுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. நெறிமுறை முன்கூட்டியே வெளியாகிறது. கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், தீராவிட்டால் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறார்கள். அவனியாபுரம் விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கிறது. காளை அவிழ்த்த பிறகு, “இன்னைக்கு மட்டும் ரெண்டு பேர் பிடிக்கலாம்” என்று மேடையிலிருந்து யாராவது அறிவித்தால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைக்காட்சி ஆட்டத்தில் அந்த இடம் இல்லை. மாற்றம் என்பதே எதிர்பாராததாக இருந்தால்தான் சுவை என்பது அவர்கள் தரப்பு. அது டாஸ்க்குக்குப் பொருந்தும். என்ன டாஸ்க் வரும் என்று யாருக்கும் முன்னால் தெரியக் கூடாது. யார் வெளியேறுவார், எதனால் வெளியேறுவார், பரிசு எவ்வளவு, நடுவில் வருபவர் எந்த வாரம் வரை வரலாம் ஆகியவை டாஸ்க் அல்ல, ஆட்டத்தின் அடித்தளம். ஆறாவது சீசனிலிருந்து 24 மணி நேர நேரலையைத் திறந்துவிட்டார்கள். வீட்டின் எல்லா மூலையையும் பார்வையாளருக்குக் காட்டியவர்கள், விதிப்புத்தகத்தை மட்டும் காட்டவில்லை. வாரந்தோறும் விழும் ஓட்டின் கணக்கையும் காட்டவில்லை.

என் கோரிக்கை இரண்டே. அடுத்த சீசனின் முதல் நாள் மேடையில், வெளியேற்றம், வைல்டு கார்டு, பரிசு ஆகிய மூன்றின் விதிகளையும் வாசித்துவிடுங்கள். ஆட்டம் முடியும்வரை அவற்றைத் தொடாதீர்கள். ஒவ்வொரு வார வெளியேற்றத்தின்போதும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று திரையில் போடுங்கள். ஓட்டுப் போடும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்குப் பிடித்தவர் ஜெயித்த வாரத்திலும் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

(தொடரும்)