சமாதானம் பேசுவதற்கு முன்னால்

புலாவ் செபாங் மலேசியாவின் மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில் இருக்கிறது. ரயில் நிலையத்தின் பெயரே 'புலாவ் செபாங்/தம்பின்' என்று இரண்டு ஊர்களையும் சேர்த்துச் சொல்கிறது. நிலையம் மலாக்காவில், தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானில். சந்தைக்கும் வேலைக்கும் போகிறவர்கள் இந்த எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. கணவனிடம் அடிபட்டு வெளியே வரும் பெண்ணுக்கோ எந்த ஊர் போலிஸ், எந்த ஊர் கோர்ட் என்ற குழப்பம் வரலாம். சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவள் குடியிருக்கும் இடத்திலும், அவன் குடியிருக்கும் இடத்திலும், அடி விழுந்த இடத்திலும், அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மலாக்கா பக்கத்து அலோர் காஜா கோர்ட் ஆனாலும் சரி, தம்பின் கோர்ட் ஆனாலும் சரி. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் பல பெண்கள் முதலில் போய் நிற்பது கோயில் தலைவர் வீட்டு வாசலிலோ கட்சிக் கிளைத் தலைவர் வீட்டிலோதான். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிவுரை. கிடைக்க வேண்டியது வேறு.

இந்தப் பழக்கத்தின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. 1890களில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் அசஹானிலும் ரப்பர் நட்டதோடு, இந்நாட்டின் வணிக ரப்பர் தோட்டத் தொழில் மலாக்காவில்தான் தொடங்கியது. பின்னர் பெருகிய தோட்டங்களில் லயம், கடை, கள்ளுக்கடை, பள்ளி, கோயில் எல்லாமே வேலிக்குள் அடங்கிவிட்டன. சண்டை வந்தால் கங்காணியோ, மண்டோரோ, ஊர்ப் பெரியவர்களோ கூட்டிவைத்துப் பேசினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. கோர்ட்டு தூரம், அங்கே பேசும் மொழி புரியாது, போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் அந்தப் பேச்சு எதை மனத்தில் வைத்து நடந்தது என்று பார்க்க வேண்டும். மறுநாள் விடியலில் பெரட்டுக்கு ஆள் வர வேண்டும், லயத்தில் சத்தம் இருக்கக் கூடாது. அடித்தவனுக்கு ஒரு திட்டு, அடிபட்டவளுக்கு 'பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போ' என்ற புத்திமதி. வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், கணவனை விட்டு விலகினால் தலைக்கு மேல் கூரையும் போய்விடும் என்ற பயம் அவளைக் கட்டிப்போட்டது. இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விட்டன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, மக்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்தப் புத்திமதி மட்டும் கூடவே வந்துவிட்டது.

இதற்கிடையில் சட்டம் வெகுதூரம் நடந்திருக்கிறது. பெண்கள் உதவி அமைப்பு 1982இல் தொடங்கப்பட்டு அடைக்கல இல்லம் நடத்தியது. 1985 முதல் பெண்கள் அமைப்புகள் ஒன்றாகப் போராடின. அதன் பலனாக 1994இல் வந்த சட்டம் 1996 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. 2012இல் செய்த திருத்தத்தால், வாரண்ட் இல்லாமலேயே போலிஸ் கைது செய்ய முடிகிறது, மனத்தைச் சிதைக்கும் கொடுமையும் வன்முறையாகக் கணக்கில் வருகிறது. 2018 ஜனவரி 1 முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை நடப்பில் இருக்கிறது. அதற்குப் போலிஸ் புகார் தேவையில்லை, கோர்ட்டுக்கும் போக வேண்டாம். அதிகாரம் பெற்ற சமூகநல இலாகா அதிகாரியே கொடுக்கலாம், ஏழு நாள் செல்லும். போலிஸ் விசாரணை நடக்கும்போது மாஜிஸ்திரேட் தருவது இடைக்கால ஆணை. குற்றம் சாட்டப்பட்ட பிறகு தருவது பன்னிரண்டு மாதம் வரை செல்லும் பாதுகாப்பு ஆணை. இடைக்கால ஆணையிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் கவனம் வேண்டும். கணவன்மீது குற்றச்சாட்டு பதிவாகப் போகிறது என்று தெரிவிக்கப்பட்டதும் ஏழு நாளுக்குள் அவள் மனு செய்ய வேண்டும். இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில், காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு அவள் கையைவிட்டு நழுவிவிடும்.

சட்டத்துக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் குற்றவியல் விவகாரங்களுக்குப் பொருந்தாது என்று தெளிவாக ஒதுக்கி வைக்கிறது. திருமணமோ வேறு கணக்கில் நடக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, முஸ்லிம் அல்லாதவர்கள் ஒரு தரப்பாக மணவிலக்கு கேட்பதற்கு முன் சமரசக் குழுவுக்குப் போகச் சொல்கிறது. குழுவுக்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. கணவன் எங்கே என்று தெரியவில்லை, மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனையில் இருக்கிறான் என்பவை விலக்குகளாக எழுதப்பட்டுள்ளன. அடிக்கிறான் என்பது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அசாதாரணச் சூழ்நிலை என்று நீதிமன்றத்தை நம்பவைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுகிறது. அடித்தவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சமரசம் பேசு என்று அடிபட்டவளிடம் சொல்வது நியாயமாகாது. சமரசத்துக்கு இரண்டு பக்கமும் பயமின்றிப் பேச முடிய வேண்டும். அது இல்லாத இடத்தில் நடப்பது பேரமும் அல்ல, பணிய வைத்தல்.

'கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் உடைந்துவிடும்' என்பது முதல் ஆட்சேபம். பாதுகாப்பு ஆணை திருமணத்தை முறிப்பதில்லை. அடிக்காதே, மிரட்டாதே, தேவையானால் வீட்டைவிட்டு விலகி இரு என்கிறது, அவ்வளவுதான். விரும்பினால் நீதிமன்றம் ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் அனுப்பலாம். 'குடிதான் காரணம், குடியை நிறுத்தினால் போதும்' என்பது இன்னொன்று. சம்சு சாராயம் நம் குடும்பங்களை அழித்தது உண்மை. ஆனால் குடித்துவிட்டு வீட்டில் கை ஓங்குகிறவன் மேலாளரிடம் ஓங்குவதில்லை.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. சம்பாதிப்பவனைப் போலிஸ் பிடித்துப்போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கைது உண்மையில் அடியைக் குறைக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1981-82இல் நடந்த சோதனையில், அறிவுரை சொல்லி விடப்பட்டவர்களைவிடக் கைதானவர்கள் மறுபடி அடிப்பது குறைந்தது. பிற நகரங்களில் அதே சோதனையைச் செய்தபோது பலன் ஒரே மாதிரி இல்லை. மில்வாக்கியில், வேலையில்லாத ஆண்களிடம் கைதுக்குப் பின் வன்முறை கூடியதாகவும் தெரிந்தது. வேலை நிலையில்லாத நம் குடும்பங்களுக்கு இது பெரிய எச்சரிக்கை. கைது மட்டும் போதாது, கைதுக்குப் பிறகு அந்த வீட்டைச் சுற்றி ஆள் இருக்க வேண்டும். சமூகத்தின் வேலை அங்கேதான் இருக்கிறது. மினியாபொலிஸ் இருக்கும் அதே மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலுத் நகரம், 1980களின் தொடக்கம் முதல் போலிஸ், நீதிமன்றம், அடைக்கல இல்லம் மூன்றையும் ஒரே ஒழுங்கில் இணைத்து வேலை செய்தது.

தமிழ்நாட்டிலும் பாடம் உண்டு. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண்கள் தயங்காமல் உள்ளே வர அது வழி செய்தது. ஆனால் பல நிலையங்களில் வழக்கைப் பதிவு செய்வதைவிடச் சேர்த்து வைத்து அனுப்புவதே நடக்கிறது என்ற விமர்சனமும் கூடவே வளர்ந்தது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் வேறு வழி எடுத்தார். ஆண்களே கூடிப் பெண்களின் வாழ்வை முடிவு செய்யும் ஜமாஅத்துக்கு எதிரே, பெண்களுக்கான ஜமாஅத்தை அமைத்தார். பெண் வந்து பேசவும், தேவையானால் போலிசுக்கும் கோர்ட்டுக்கும் அவளோடு கூடப் போகவும் ஆட்கள் இருந்தார்கள். சமூகம் செய்யக் கூடிய நல்ல காரியத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த மாதிரி அது.

நம் பக்கத்தில் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. 106ஆம் பிரிவில் வன்முறை வழக்குகளுக்குத் தெளிவான விலக்கு எழுதப்பட வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் குறித்த நாளில் கட்டாயம் இருக்க வேண்டும், அவர் வரவில்லை என்று வழக்கு தள்ளிப்போகக் கூடாது. அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே வராந்தாவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நிலை மாற வேண்டும். ஆணையை மீறினால் என்ன ஆகும் என்பதை மாஜிஸ்திரேட் அவனிடம் நேரில், புரிகிற மொழியில் சொல்ல வேண்டும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிபட்ட பெண் உங்கள் வாசலுக்கு வந்தால், கணவனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். முதலில் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள், பிறகு போலிசுக்கும் சமூகநல இலாகாவுக்கும் ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோக ஆள் பாருங்கள். வழக்கு நடக்கும் மாதங்களில் அந்த வீட்டுக்கு அரிசி போகிறதா என்று விசாரியுங்கள். கோயில் அறிவிப்புப் பலகையில் 'தாலியான் காசே' உதவித் தொலைபேசி எண்ணான 15999ஐ இந்த வாரமே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.