குறுக்கியதால் கைகூடிய ரயில்

ஜொகூர் நீரிணைக்கு மேலே எழுந்து நிற்கும் ஆர்டிஎஸ் ரயில் பாலத்துக்காகப் பொறியாளர்களைப் பாராட்டுகிறோம், தகும். ஆனால் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் இந்த 4 கிலோமீட்டர் பாதையின் தலைவிதி பேச்சுவார்த்தை மேசையில்தான் தீர்மானமானது. 2018 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் மலேசியாவில் ஆட்சி மாறிய பின் முடங்கியது. 2020 ஜூலை 30 அன்று, இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலச் சாலையின் நடுவிலேயே, திருத்திய வடிவில் உயிர்பெற்றது. சிங்கப்பூரின் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் தட ரயில்களையே இங்கும் ஓட்டும் எண்ணம் கைவிடப்பட்டது; எளிய, தனித்த எல்ஆர்டி (இலகு ரயில்) முறை வந்தது. பணிமனையும் சிங்கப்பூரின் மண்டாயிலிருந்து ஜொகூரின் வாடி ஹானாவுக்கு மாறியது. செலவு குறைந்தது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் என்ற கொள்ளளவோ, புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடியும் வசதியோ குறையவில்லை. பயணிக்கு எது தேவையோ அதைத் தொடாமல் மற்றதைக் குறுக்கினார்கள். இந்தத் திட்டம் பிழைத்தது அதனால்தான் என்பேன்.

இந்தக் குறுக்கலுக்கு இரண்டு ஆண்டுகள் பலியாயினவே என்று கேட்கலாம். உண்மை, 2024 இறுதி என்ற கெடு 2026 இறுதிக்குத் தள்ளிப்போனது. இதைவிட வலுவான மறுப்பும் உண்டு: கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயிலையும் சிக்கனமாக்கத்தானே மலேசியா முயன்றது, அது ஏன் செத்தது? 2016இல் ஒப்பந்தமான அந்த 350 கிலோமீட்டர் திட்டத்தில் மலேசியா கேட்ட மாற்றம், ரயில்களையும் தொழில்நுட்ப அமைப்புகளையும் இருவருக்கும் பொதுவாக நிர்வகிக்கவிருந்த நிறுவனத்தையே நீக்குவது. கூட்டாளியின் நம்பிக்கைக்கு அதுவே பிணை என்றது சிங்கப்பூர். 2020 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் காலாவதியாகி, 10.28 கோடி சிங்கப்பூர் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. ரயிலைக் குறுக்கலாம், பிணையைக் குறுக்க முடியாது. (எதிரே கணக்குக் கேட்க இன்னொரு அரசு இல்லாத கெமாஸ் - ஜொகூர் பாரு இரட்டைத் தண்டவாளம், கெடுவுக்கு மேல் கெடு தாண்டி 2025 டிசம்பரில்தான் இடிஎஸ் மின்சார ரயிலைக் கண்டது.)

பயணியின் தேவையை முதலில் பார்த்த அதே புத்தி இப்போது ஜொகூர் பாரு நகருக்குள் வேண்டியிருக்கிறது. இடிஎஸ் வந்து நிற்கும் ஜேபி சென்ட்ரலும் புக்கிட் சாகாரும் அக்கம்பக்கம். இரண்டும் இறக்கிவிடும் கூட்டத்தை ஏற்கெனவே திணறும் அதே சாலைகள்தாம் சுமக்க வேண்டும். மேம்பாலத்தில் ஓடும் தானியங்கிப் போக்குவரத்தான ஏஆர்டி வரட்டும் என்கிறார்கள். வரட்டும், அது எழும்ப ஆண்டுகள் ஆகும். ஸ்கூடாயிலிருந்தும் மாசாயிலிருந்தும் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கடற்பாலத்துக்கு விரையும் தொழிலாளி, ஐந்து நிமிட ரயிலுக்காக ஒரு மணிநேரம் பேருந்து நெரிசலில் உட்காரமாட்டார். மாநில அரசு முதல் ரயிலுக்கு முன்பே பேருந்துகளுக்குத் தனித்தடம் ஒதுக்கி, அதிகாலையிலேயே ஓடவிட வேண்டும். சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கும் வாசகர்கள் இதைத்தான் கேட்க வேண்டும்.