அலுவலரின் இணையவழிப் பயிற்சி வயலில் பலன் தர...

மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாக 2018-ஆம் ஆண்டில் காணப்பட்டது. விவசாயிக்கு மட்டுமின்றி, ஆலோசனை கூறவேண்டிய அலுவலருக்கும் அது புதிய பூச்சியாக இருந்தது. புழு வளர்ந்து குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. எனவே அலுவலர் காலத்தே கற்பது விவசாயியின் மகசூலைக் காப்பதாகும்.

1980-களில் 'பயிற்சி மற்றும் பார்வையிடல்' திட்டத்தின்கீழ் விரிவாக்க அலுவலர்கள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கூடிக் கற்று, பின் வயலுக்குச் சென்றனர். இன்று பல பாடங்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. அரசு ஊழியர்களின் பயிற்சிக்கான 'கர்மயோகி' திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2020 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதற்கென இணையதளமும் உள்ளது. இதனால் பயணச் செலவும் நேரமும் மிச்சம். ஆனால் படத்தை ஓடவிட்டுச் சான்றிதழ் பெறுவது மட்டும் பயிற்சி ஆகாது.

பாடம் எப்படி இருக்கவேண்டும்?

ஒரு பாடம் ஒரு வேலையைக் கற்பித்தால் போதும். படைப்புழு பற்றிய பாடமெனில், தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடு, உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகள் ஆகிய அடையாளங்களைப் படத்தில் தெளிவாகக் காட்டவேண்டும். விளக்கம் தமிழில் இருத்தல் நலம். இடையிடையே கேள்வி கேட்டு, சில நாட்கள் கழித்து மீண்டும் கேட்டால் கற்றது மறக்காது. ஐயம் கேட்டால் பதில் சொல்ல வல்லுநர் ஒருவரும் வேண்டும்.

நேரம் ஒதுக்குதல்

அலுவலக வேலை முடிந்து இரவில் படிக்கச் சொன்னால் மனம் பதியாது. மேலதிகாரிகள் பணி நேரத்திலேயே இதற்கு நேரம் ஒதுக்கவேண்டும். கைபேசித் தொடர்பு சரிவரக் கிடைக்காத ஊர்களில், பாடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொள்ள வசதி தேவை.

வயலே தேர்வுக்கூடம்

நீந்தும் முறையைக் கரையிலிருந்து கேட்டவர் நீந்தக் கற்றவர் ஆகார். பாடம் முடிந்த அதே வாரத்தில் அலுவலர் வயலில் குருத்தை விரித்துப் புழுவை அடையாளம் காணவேண்டும். அதை மேலதிகாரி உடனிருந்து பார்த்துத் திருத்தவேண்டும்.

இதில் விவசாயிகளுக்கும் பங்கு உண்டு. புதிய பூச்சி தென்பட்டால், கடைக்காரரிடம் மருந்து வாங்குமுன், தாக்குண்ட செடியுடன் அலுவலரை அணுகலாம். வயலுக்கு வருமாறும் அழைக்கலாம். விவசாயி கேட்கும் கேள்வியே அலுவலர் கற்றதைச் சோதிக்கும் உரைகல்.