ஒரு முடி, முப்பது முகம்

"உதிர்ந்த முடியைக் கண்ட இடத்துல போடாதேடா, எவனாவது எடுத்து செய்வினை வெச்சுடுவான்" என்பாள் என் பாட்டி. நான் சிரிப்பேன். பி.காம். படித்த திமிர். இப்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. காரணம், நியூயார்க்கில் ஹெதர் டூயி ஹாக்போர்க் என்றொரு அம்மணி.

அடிப்படையில் கம்ப்யூட்டர் கலைஞர். ஒருநாள் மனநல ஆலோசகரின் அறையில் உட்கார்ந்திருக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடி விரிசலில் ஒற்றை முடி சிக்கியிருப்பதைப் பார்த்தார். நாமாக இருந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு வாட்சைப் பார்த்திருப்போம். அவரோ, 'இது யார் முடி? ஆள் எப்படி இருப்பார்?' என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

யோசனையோடு நிற்கவில்லை. 2012-13ல் நியூயார்க் தெருக்களிலும் பொதுக் கழிப்பறைகளிலும் கிடந்த சிகரெட் துண்டு, மென்று துப்பிய சூயிங்கம், முடி எல்லாவற்றையும் பொறுக்கினார். (நம்மூரில் கிளம்பினால் கார்ப்பரேஷன் லாரியே வேண்டும்.) புரூக்ளினில் ஜென்ஸ்பேஸ் என்று ஒரு பரிசோதனைக்கூடம். சாதாரண ஜனங்களும் போய் உயிரியல் பழகலாம். அங்கே போய், துண்டு சிகரெட்டில் ஒட்டியிருந்த எச்சிலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்.

எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது சுமார் 300 கோடி எழுத்துள்ள லெட்ஜர். மொத்தமே நாலு எழுத்துதான், மாறி மாறி வரும். உங்கள் லெட்ஜரும் என் லெட்ஜரும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆயிரத்துக்கு ஒரு எழுத்து மாறும், அவ்வளவுதான். அந்த மாறுகிற இடங்களில் சிலவற்றை மட்டும் ஆடிட்டர் மாதிரி தேடிப் பிடித்து, லட்சக்கணக்கில் காப்பி எடுத்துப் படிக்கிறார்கள். ஹெர்க்-2 என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து, கண் பழுப்பா நீலமா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஒரே எழுத்து, ஸார்! ஆணா பெண்ணா, பூர்வீகம் எந்தப் பக்கம், முடி என்ன நிறம் என்பதையும் இப்படியே கறந்து ஹெதர் தன் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கொடுத்தார். அது ஒரு முகத்தைச் செய்தது. முப்பரிமாண பிரிண்டரில் அச்சடித்து, கண்காட்சிச் சுவரில் மாட்டினார். கூடவே அந்த சிகரெட் துண்டு, அது கிடந்த இடத்தின் போட்டோ. 'ஸ்ட்ரேஞ்சர் விஷன்ஸ்' என்று பேர்.

அச்சு அசல் இல்லை, குடும்பச் சாயல் மாதிரிதான் என்று ஹெதரே ஒப்புக்கொள்கிறார். டி.என்.ஏ.வைப் படித்து அவரால் வயசு சொல்ல முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் உத்தேசமாக 25. மூக்கு, தாடையெல்லாம் பெருமளவு சராசரிக் கணக்கில் போட்ட ஊகம்.

கலைக்கு ஊகம் அழகு. போலீசுக்கு? 2015 ஜனவரியில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியா நகரப் போலீஸ் ஒரு கொலை வழக்கில் டி.என்.ஏ.விலிருந்து கம்ப்யூட்டர் வரைந்த முகத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது.

ஹெதர் இதற்கு பதில் சொன்ன விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராணுவ ரகசியங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்ததற்காக 35 வருஷத் தண்டனை பெற்று சிறையில் இருந்தவர் செல்சீ மானிங். ஆணாகப் பிறந்து, தன்னைப் பெண் என்று அறிவித்தவர். சிறையில் அவரைப் போட்டோ எடுக்க வழியில்லை. கன்னத்தின் உட்புறம் தேய்த்த பஞ்சையும் கொஞ்சம் முடியையும் தபாலில் அனுப்பினார். அதை வைத்து ஹெதர் முகங்கள் செய்தார். 2017ல், மானிங் விடுதலையான அதே வருஷம், நியூயார்க் காலரி ஒன்றில் 30 முகங்கள் கூரையிலிருந்து கூட்டமாகத் தொங்கின. ஆண் மாதிரி சில, பெண் மாதிரி சில, கறுப்பு, வெளுப்பு... அத்தனையும் அதே டி.என்.ஏ.விலிருந்து! படிக்கிற விதத்தை மாற்றினால் முகமே மாறுகிறது.

போலீஸ் நோட்டீசில் ஒட்டுவதோ ஒரே ஒரு முகம். அது என் ஜாடையில் இருந்து தொலைத்தால்?

போன ஞாயிற்றுக்கிழமை சலூன்காரர் துண்டை உதறியதும் தரையில் விழுந்த என் முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஸார், ரொம்பக் குறைச்சுட்டேனா?" என்றார்.