ஆணை, இருப்பு, கணக்கு: மூன்றும் ஒன்றாக

சிறுதொழில் நிறுவனமொன்றில் வாடிக்கையாளரின் ஆணைகள் ஒரு பதிவேட்டிலும், கிடங்கின் இருப்பு மற்றொன்றிலும், வரவு செலவு கணினியிலுமாகப் பிரிந்து கிடப்பின், இல்லாத சரக்கிற்கு ஆணை ஏற்கப்படும். அனுப்பிய சரக்கிற்கு விலைப்பட்டியல் விடுபட்டுப்போகும். மூன்றையும் இணைத்தால், சரக்கு வெளியேறும்பொழுதே இருப்பு குறைந்து, விற்பனையும் வரியும் கணக்கில் ஏறிவிடும்.

2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய பெரும்பாலான நிறுவனங்கள், பதிவுபெற்ற வணிகர்களுக்கு விற்கையில், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி மின்னணு விலைப்பட்டியலைப் பதிவு செய்தல் கட்டாயம். அவ்வாறு பதியப்படாத பட்டியலைக் கொண்டு வாங்குபவர் உள்ளீட்டு வரி வரவு கோர இயலாது. விற்பவர் வாடிக்கையாளரையே இழக்க நேரிடலாம்.

எனினும், பொருட்குறியீடுகளைச் சீராக்காமல் இணைப்பது பிழையை விரைந்து பரப்புவதேயாகும். முதலில் கிடங்கை எண்ணிச் சரிபார்த்து, பின்னரே இணைத்தல் நலம்.