வெங்காயச் சருகும் மூச்சிரைப்பும்

வெங்காயச் சருகை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, படிகாரம் ஏற்றிய நூலுக்கு மஞ்சள் நிறம் ஊட்டலாம் என்பதைச் சாயத்தொழிலில் பழகிய அங்கத்தினர்கள் அறிவார்கள். அந்நிறத்தைத் தரும் பொருள்களுள் முக்கியமானது க்வெர்செட்டின். இது ஃபிளேவனாய்டு என்னும் தாவரப் பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றே அக்குடும்பப் பெயர் பிறந்தது. சாயத்திற்கு உதவும் இப்பொருள் இரைப்பு நோய்க்கு மருந்தாகுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

தூசி, பூந்தாது, விலங்குகளின் உடற்செதில் முதலியன சிலருக்கு ஒவ்வா. அவை மூச்சுக்குழலினுள் புகுந்ததும், அங்குள்ள மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. குழலின் தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது. ஆய்வுக்கூடத்தில் க்வெர்செட்டினைச் சேர்த்தபோது அவ்வணுக்கள் ஹிஸ்டமினை விடுவது குறைந்தது. விலங்குகளிடம் செய்த சோதனைகளிலும் அழற்சி தணிந்தது.

ஆயினும், சோதனைக் குழாயில் கண்டதை அப்படியே மனிதனுக்குக் கொள்ளலாகாது. நாம் உண்ணும் க்வெர்செட்டினில் ஒரு பகுதியே உடலில் ஏறுகிறது. அதனையும் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன.

இதற்கு முன் நிகழ்ந்த ஒன்று நமக்கு வழிகாட்டும். கெல்லா என்பது எகிப்து நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிய செடி. அதன் விதையிலுள்ள கெல்லின், இரசாயன அமைப்பில் ஃபிளேவனாய்டுகளுக்கு உறவுடையது. பிரிட்டனில் ரோஜர் அல்டூன்யன் என்ற மருத்துவர், தாமே இரைப்பு நோயுடையவர், கெல்லினை ஒட்டிச் செயற்கையாக ஆக்கிய பல பொருள்களைத் தம்மீதே சோதித்தார். ஒவ்வாத பொருளை வேண்டுமென்றே சுவாசித்து, எது இரைப்பைத் தடுக்கிறது என்று பல்லாண்டுகள் கண்காணித்தார். 1965-ல் குரோமோகிளைக்கேட் கிடைத்தது. விழுங்கினால் அது உடலில் மிகச் சிறிதே ஏறும். ஆகவே பொடியாக உள்ளிழுக்கும் கருவியையும் அவர் அமைத்தார். செடி துவக்கம் தந்தது. மருந்தோ நீண்ட சோதனைக்குப் பின்னரே கிட்டியது.

க்வெர்செட்டின் இன்னும் அத்தகைய சோதனைகளைக் கடந்து இரைப்புக்கு ஏற்ற மருந்தாக நிலைபெறவில்லை. எனவே வெங்காயத்தை நல்லுணவாக உண்போம். விளைவிப்போர் அதனை இரைப்புக்கு மருந்தென்று கூறி விற்கலாகாது. மருத்துவர் அளித்த உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தே இன்று அழற்சியைத் தணிக்கும் முதன்மையான சிகிச்சை. மூச்சு எளிதாயிற்று என்று அதனைத் தாமே நிறுத்துவோருக்கு இரைப்பு மீண்டும் கடுமையாக வரக்கூடும்; உயிருக்கே ஆபத்தும் நேரலாம். இச்செய்தியை அங்கத்தினர்கள் தத்தம் இல்லத்தாருக்கும் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.